இரண்டு முழப் பாலம்

அத்தியாயம் 5

ராஜாராமன் சாருக்கும் நாற்காலிக்கும் ஏழாம் பொருத்தம். குருவிப்பாறை எஸ்டேட்டுக்கு நாங்கள் வந்து இரண்டு நாளாகிறது. அவர் உட்கார்ந்து நான் பார்த்தது ஜீப்பில் மட்டும்தான். இப்போதும், காலையில் ஆள் எண்ணும் மஸ்டர் கொட்டகைக்கு வெளியே சாரலில் நனைந்துகொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நான்கு நடைக்கு ஒரு தரம் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"மணி பன்னெண்டரைடா, ஆறுச்சாமி."

"அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடியும் அதையேதானுங்க சொன்னீங்க. கடியாரம் நின்னு போச்சாட்ட இருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, வாய்தான் சும்மா இருக்கவில்லை. மூன்று மணிக்கு எஸ்டேட் ஆபீசில் விசாரணை. அது முடிந்த கையோடு பால மேஸ்திரி ஏசுரத்தினத்தைப் பீர்மேட்டு ஜெயிலுக்குக் கொண்டுபோக போலீஸ் வேன் வந்து தயாராக நின்றது.

வண்டன்மேட்டுக்கு மேலே இருக்கிற இந்த எஸ்டேட்டில், ஏலக்காய் மூட்டைகளை ஸ்டோருக்குக் கொண்டுவர மலைச்சரிவில் ஒரு சின்ன டிராலி லைன் உண்டு. அது ஓடையையும் ரோட்டையும் தாண்டும் இடத்தில் ஆறு காலில் ஒரு மரப்பாலம். போன வியாழக்கிழமை நாலாவது காலும் ஐந்தாவது காலும் சாய்ந்து, டிராலியோடு பாலம் ஓடையில் விழுந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து வந்த முத்துப்பேச்சி என்ற காய் எடுக்கும் பெண் அந்த இடத்திலேயே செத்துப்போனாள்.

அந்த இரண்டு கால்களையும் பெருக்கல் குறி போலச் சேர்த்துப் பிடித்திருந்த குறுக்குச் சட்டங்களில் போல்ட்டே இல்லை, வெறும் ஆணிதான் இருந்தது என்று மானேஜர் கிரிகரி துரை எழுதிக் கொடுத்துவிட்டார். உடைந்த மரம் வழியை அடைக்கிறது என்று அன்றைக்கே ஸ்டோர் உலையில் போட்டு எரித்தும்விட்டார். ஆணிகளை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். மனுஷர் ரொம்பக் கெட்டிக்காரர்.

"நான் போட்டது போல்ட்" என்று ஏசுரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் மனைவி சந்தனமேரி மட்டும் பாலக்காடு வரைக்கும் பஸ் மாறி மாறி வந்து, எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றாள். ரயில்வேயில் காணாமல் போன பார்சல்களைத் தேடித் தேடி அலுத்துப்போய், ராஜாராமன் சார் சொந்தமாகப் போட்ட துப்பறியும் ஆபீஸ் அது. வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகு செய்துகொண்டிருந்த நான் அங்கே உதவியாளனானது வேறு கதை.

கணவரைக் காவலில் வைத்திருந்த கொட்டகைக்குள்ளிருந்து சந்தனமேரி ஓடி வந்தாள்.

"ஐயா, இவுகளுக்கு இப்பத்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஆடி மாசம் பனிமய மாதா திருவிழாவுக்கு நாங்க தூத்துக்குடி போயிருந்தோம்லா, அந்தப் பதிமூணு நாளுக்குள்ளதான் எவனோ சட்டத்துல கை வச்சிருக்கணும். ஸ்டோர் இன்ஜினியர் ஐயா அதே பாலத்தைச் சின்னதா செஞ்சு வீட்டுல வச்சிருக்காவளாம். ஒரு குச்சி விடாம டேப்பு வச்சு அளந்து செஞ்சதாம். அதைப் போயிப் பாருங்கன்னு சொல்லுதாவ."

"எப்போ அளந்தார்?"

"அது தெரியலியே ஐயா. நாங்க திரும்பி வந்தப்ப பாதிப் பாலம் முடிஞ்சிருந்துச்சு."

சார் குடையைக்கூட எடுக்கவில்லை. பாதி மேடு ஏறிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

இன்ஜினியர் வெங்கிடாசலம் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். ரயில்வேயில் இருபது வருஷம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே ஸ்டோர் மிஷின்களைக் கவனிக்க வந்தவர். அவருடைய குவார்ட்டர்ஸின் முன்னறையில் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு மேடை. அதன்மேல் மொத்த எஸ்டேட்டும் இருந்தது. சாக்குத் துணியும் களிமண்ணும் மலை, பாசி காடு, கண்ணாடித் துண்டு ஓடை. நூல் பிடித்த மாதிரி ஓடிய தண்டவாளத்தின்மேல், சாவி கொடுத்தால் ஓடும் ஒரு குட்டி இன்ஜின். எல்லாம் இருந்தது. நடுவில் பாலம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு முழத்துக்கு ஒன்றுமில்லை.

"முந்தாநாள் நானும் ஆத்துக்காரி பாகீரதியும் கோவிலுக்குப் போயிட்டு வந்து பார்க்கறேன், பாலத்தைக் காணும். எவனோ எடுத்துண்டு போயிட்டான்" என்றார். பேசும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

"அப்புறம் இதையெல்லாம் தொட்டேளா?" என்றார் சார்.

"கையே வைக்கலை. போலீஸ் கேட்டா காட்டணுமே."

"நல்ல பொம்மை ரயிலுங்க" என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பொம்மைன்னு பறையாதேயும்! அடிக்கு அரையங்குலம், அளவு மாறாது. கள்ளிப்பெட்டிப் பலகையைக் குச்சி குச்சியாச் சீவணும். மணையில படத்தை ஒட்டி, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு, அந்த ஆணிகளுக்கு நடுவுல குச்சியைப் படுக்க வச்சு வஜ்ரத்தால ஒட்டணும். ஒரு கால் காய ஒரு நாள். போல்ட்டுக்குக் குண்டூசித் தலை. தார் நெறத்துக்குக் காப்பி டிகாஷன்ல விளக்குக்கரி."

"முதல் டிகாஷன்!" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. பாகீரதி மாமி காப்பியோடு வந்தார். "எனக்கும் இவருக்கும் ரெண்டாம் டிகாஷன், பாலத்துக்கு முதல் டிகாஷன். அந்த வஜ்ரத்தையும் என் அடுப்பில ஏத்தப் பார்த்தார். தோலைக் காய்ச்சின பண்டம், கொல்லையில போய்க் காய்ச்சுங்கோன்னுட்டேன்."

மாமி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, காப்பியை வைத்து, சுவரில் சாய்த்திருந்த வீணையை ஒதுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ராஜாராமன் சார் மேடையைச் சுற்றி மூன்றாவது பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தார். "பாலத்தை இங்கே எப்படிப் பொருத்தினேள்?"

"முதல்ல தண்டவாளம் மொத்தத்தையும் மேட்டுமேல போட்டுடணும். அப்புறம் அடியில் மண்ணை வெட்டி எடுத்து ஓடை பண்ணணும். அந்த இடைவெளிக்கு அளந்து பாலத்தைச் செஞ்சு, அடியிலேர்ந்து நுழைச்சு நிறுத்தணும். ஒட்டப்படாது. மழைக்காலத்துல மரம் உப்பும், தண்டவாளம் கோணிடும். அதனால நாலு முளை. முளையைத் தட்டினா பாலம் மேலே இருக்கற தண்டவாளத்தோட தனியா வந்துடும்."

"நாலாம் காலுக்கும் அஞ்சாம் காலுக்கும் நடுவுல குறுக்குச் சட்டம் வச்சிருந்தேளோ?"

வெங்கிடாசலம் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே சாரல் வலுத்து ஓட்டுமேல் இரைந்தது.

"ஞாபகமில்லை" என்றார். "அதுல என்ன பிரமாதம்? வெறும் பொம்மைதானே. துரையோட சமையல்காரன் ரெண்டு தரம் இந்தப் பக்கம் நடமாடினான். அவனைப் போய்க் கேளுங்கோ."

துரை பங்களாவுக்கு ஒற்றையடிப் பாதை. மணி ஒன்றரை. என் காலில் ஏறிய அட்டைகளை எண்ணுவதை எட்டோடு நிறுத்திக்கொண்டேன். சார் காலில் ஒன்றுகூட இல்லை. அவர் போகிற வேகத்துக்கு எந்த அட்டை ஏறும்?

"சார், அந்த அய்யிரு பேச்சு எனக்குப் பிடிக்கலீங்க."

"ஏன்?"

"மொதல்ல நான் பொம்மைன்னதுக்கு என்னயக் கடிக்க வந்தாருங்க. கொஞ்ச நேரங்களிச்சு அவரே பொம்மைங்கறாரு. மாட்டை ஓட்டிட்டு வந்தவனே மாட்டைக் கொற சொன்னா, அந்த மாட்டுல என்னமோ இருக்குதுன்னு அர்த்தமுங்க."

சார் சட்டென்று நின்றார். பின்னால் வந்த நான் அவர் முதுகில் மோதினேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

"மாட்டை ஓட்டிட்டு வந்தவனே..."

"மாடு போறும். அந்த இடைவெளிக்கு ரெண்டு பக்கமும், தண்டவாளத்து மேல, ஒரு சாண் தள்ளி என்ன இருந்தது?"

யோசித்தேன். "குண்டூசியில செவப்புத் துணி சுத்தி நட்டிருந்துச்சுங்க. அழகுக்கு வெச்சிருக்கறாருன்னு நெனச்சனுங்க."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முட்டாள்! உன்னைச் சொல்லலைடா, என்னைச் சொல்லிக்கறேன். ரயில்வேயில எவனும் அழகுக்குச் சிவப்பு நட மாட்டான். லைன்ல ஒரு தண்டவாளத்தைக் கழட்டணும்னா, முதல்ல ரெண்டு பக்கமும் சிவப்புக் கொடி. வர்ற வண்டி பள்ளத்துல விழப்படாதே. அதுக்கப்புறந்தான் ஸ்பானர்ல கையே வைப்பா. இருபது வருஷம் அதைச் செஞ்ச கை, புத்தி சொல்லாமலேயே செய்யும்."

"திருடறவன் கொடி நட்டு வெச்சுட்டா போவான்?"

"போகமாட்டான். இவரோ பாலம் போனப்புறம் கையே வைக்கலைங்கறார். அப்போ கொடி நட்டவன்தான் பாலத்தை எடுத்தவன்."

எனக்கு அட்டைக்கடிகூட மறந்துபோயிற்று. "செஞ்சவரே எடுத்து ஒளிச்சுட்டாருங்களா? அடுப்புல போட்டு எரிச்சிருந்தா என்னங்க பண்றது?"

"எரிக்கலை. லைனையே மூடறதுன்னா கொடி எதுக்கு? பாலம் ஒரு நாள் திரும்பி வரும்னு நினைக்கிறவன்தான் கொடி நடுவான். ஓடு!"

வந்த வழியே ஓடினோம். மேடு ஏறும்போது வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினேன். கீழே எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஆட்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள்.

வெங்கிடாசலம் வாசலிலேயே நின்றிருந்தார். சார் அவரிடம் ஒன்றும் கேட்காமல் நேராக உள்ளே போனார்.

"மாமி! இந்த ஈரத்துல வீணையைப் பெட்டியில போடாம வெறுஞ்சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கேளே, மரம் உப்பாதோ? பெட்டி எங்கே?"

பாகீரதி மாமி கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கட்டிலுக்கடியில. எடுத்துண்டு போயிடுங்கோ. ரெண்டு நாளா இந்த ஆத்துல ஒருத்தரும் தூங்கலை."

பெட்டியை இழுத்துத் திறந்தேன். பழைய வேட்டியில் சுற்றி, பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது அந்தப் பாலம். நான் சந்தையில் எத்தனையோ சாமான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. ஆறு கால்கள், ஒவ்வொரு மூட்டிலும் மிளகளவுகூட இல்லாத ஊசித் தலைகள், கால்களுக்கு நடுவே பெருக்கல் குறியாகக் குச்சிகள். முதல் இரண்டு கால்களுக்கு நடுவில் இருந்தது. அடுத்ததில் இருந்தது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வெறுமையாக இருந்தது. உடைந்த அடையாளமோ ஒட்டிய தடமோ இல்லை. அந்த இடத்தில் குச்சி வைக்கப்படவே இல்லை.

சார் பாலத்தைக் கவிழ்த்தார். ஒவ்வொரு காலின் அடியிலும் அளந்த தேதி பென்சிலில் எழுதியிருந்தது. நாலாம் கால்: 30.7.58.

"அன்னிக்கு ஏசுரத்தினம் தூத்துக்குடியில திருவிழா பார்த்துண்டிருந்தார்" என்றார் சார். "சட்டம் அப்போ பாலத்துல இல்லை. சொல்லும்."

வெங்கிடாசலம் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டோருக்குப் புது உலை ஏத்தின லாரி பாலத்துக்கடியில நுழையலை. மேஸ்திரி வர்ற வரைக்கும் பொறுக்காம துரை சட்டத்தை அறுத்து எடுக்கச் சொன்னார். அதுக்கு மறுநாளாக்கும் நான் டேப்போட போனேன். பார்த்தேன். துரை கிட்டப் பறைஞ்சேன். உம்ம மிஷினைப் பாரும்னார். ஆத்துக்கு வந்துட்டேன். நாலு நாள் கழிச்சு சட்டத்தைத் திரும்ப ஆணியில தொங்கவிட்டுத் தார் பூசிட்டா. அதையும் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"இருக்கறதை இருக்கறபடி செய்யணும்னு செஞ்சேன்." அவர் குரல் உடைந்தது. "சட்டமில்லாம அந்த ரெண்டு காலும் நிக்கவே இல்லை, ராஜாராமன். மூணு தரம் சாஞ்சது. நாலாவது தரம் நின்னுடுத்து. அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாகீரதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்."

அந்தக் கிழவரைப் பார்க்க எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"இப்போ வந்து சொல்லும்" என்றார் சார்.

"வேலை போயிடும். இந்தக் கூரையும் போயிடும். ஊர்ல எனக்கு ஓட்டுத் துண்டுகூடக் கிடையாது."

சார் இரண்டு குண்டூசிகளையும் மேடையிலிருந்து பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவி குடுத்தா ஓடற இன்ஜின் விழுந்துடப்படாதுன்னு ரெண்டு கொடி நட்டிருக்கேள். முத்துப்பேச்சிக்கு ஒண்ணு நட்டிருக்கப்படாதா, ஓய்?"

மணி இரண்டே முக்கால். பாலத்தை நான் தலையில் வைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது வெங்கிடாசலம் அதே இடத்தில் நின்றிருந்தார்.

எஸ்டேட் ஆபீசில் மேஜைக்குப் பின்னால் லேபர் ஆபீசரும் போலீஸ் இன்ஸ்பெக்டரும். ஒரு பக்கம் பிஸ்கட் டப்பாவோடு கிரிகரி துரை. இன்னொரு பக்கம் கையில் விலங்கோடு ஏசுரத்தினம், அவரை ஒட்டிச் சந்தனமேரி. ஜன்னலுக்கு வெளியே காய் எடுக்கும் பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள்.

நான் பாலத்தை மேஜைமேல் வைத்ததும் துரை வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர், இது கோர்ட்டா, கண்காட்சியா? ஒருத்தி செத்திருக்கிறாள், இவர்கள் விளையாட்டுச் சாமான் கொண்டு வருகிறார்கள்."

"சட்டம் அறுபட்ட மறுநாள் அளந்து செய்தது இது" என்றார் சார். "தேதி அடியில் இருக்கிறது."

"ஒரு கிழவர் ஒரு குச்சியை வைக்க மறந்துவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய?"

இன்ஸ்பெக்டர் பாலத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "செய்தவர் எங்கே?"

சார் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மழைதான் இருந்தது. சந்தனமேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"செய்தவர் வராவிட்டால் இது வெறும் மரம்" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். இரண்டு வரி எழுதினார். வேனைத் திருப்பி நிறுத்தச் சொல்லிக் கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டினார்.

ஜன்னல் பக்கம் சலசலப்பு. பெண்கள் விலகி வழி விட்டார்கள். வெங்கிடாசலம் செருப்பில்லாமல், முழங்கால் வரை சேறாக, மூச்சிரைக்க உள்ளே வந்தார். பாகீரதி மாமி குடையோடு அவருக்குப் பின்னால் நின்றார்.

"நான் ஒண்ணையும் மறக்கலை" என்றார் துரையைப் பார்த்து. "ஜூலை முப்பதாம் தேதி அந்த இடத்துல சட்டம் இல்லை. நீங்க அறுக்கச் சொன்னேள். நான் உங்க கிட்ட வந்து பறைஞ்சேன். அப்புறம் போல்ட் இல்லாம ஆணி அடிச்சா, அதையும் பார்த்தேன். மேஸ்திரிக்கு இது எதுவும் தெரியாது. அவர் வர்றதுக்குள்ள தார் பூசியாச்சு."

துரையின் கை பிஸ்கட் டப்பாவிலிருந்து மெதுவாக நழுவியது. லேபர் ஆபீசர் ஏசுரத்தினத்தின் லீவுச் சீட்டை வரவழைத்துத் தேதியைச் சரிபார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுதின இரண்டு வரியையும் அடித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.

"துரையிடம் சொன்னீர். வேறு யாரிடம் சொன்னீர்?"

"யார் கிட்டயும் இல்லை."

"என்ன செய்தீர்?"

"அதைப் பார்த்து இந்தப் பாலத்தைச் செஞ்சேன்."

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார். கான்ஸ்டபிள் விலங்கைக் கழற்றினான். ஏசுரத்தினம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார், சந்தனமேரி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். துரை ஏதோ இங்கிலீஷில் கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. ஜெயித்துவிட்டோம் என்று சாரைப் பார்த்தேன்.

சார் என்னைப் பார்க்கவில்லை. முத்துப்பேச்சியின் தங்கை சின்னத்தாய் கும்பலை விலக்கிக்கொண்டு மேஜை அருகே வந்திருந்தாள். அவள் துரை பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் குட்டிப் பாலத்தின் நாலாம் காலை ஒரு விரலால் தொட்டாள். பிறகு வெங்கிடாசலத்திடம், கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஐயா, அன்னைக்கே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாங்க டிராலியில ஏறாம ஓடையில எறங்கி நடந்து போயிருப்போமே."

வெங்கிடாசலம் இறுக்கி மூடியிருந்த கையைத் திறந்தார். சிவப்புத் துணி சுற்றிய அந்த இரண்டு குண்டூசிகளும் உள்ளங்கையில் இருந்தன.